கோப்பியின் வீழ்ச்சியும் ஓரியண்டல் வங்கியின் முறிவும்

பத்தொன்பதாம் நூற்றாண்டின் நடுப்பகுதியில் இலங்கையின் பொருளாதாரம் என்பது பெரும்பாலுங் கோப்பியின் பொருளாதாரமேயாம். 1870 ஆம் ஆண்டில் ஏற்றுமதியான கோப்பி பத்து இலட்சம் அந்தருக்கு மேற்பட்டது. ஆயின், அதற்கு முந்திய ஆண்டிலேயே மடுல்சீமைப் பகுதியிற் கோப்பி இலைகளின் அடிப்புறத்திற் செம்மஞ்சட் புள்ளிகள் தோன்றிவிட்டன. விளைச்சல் குறையத் தொடங்கிய அக்காலத்தில் உலகச் சந்தையில் விலை ஏறியமையால், நோயின் கொடுமை கணக்கேடுகளிற் புலப்படவில்லை. தோட்டக்காரர் மேலும் கடன்பட்டுப் புதிய காடுகளை வெட்டினர். பிரேசில் நாட்டுக் கோப்பி பெருகி விலையும் வீழ்ந்தபோதே உண்மை வெளிப்பட்டது.

அக்காலக் கடன்முறை ஒரு சங்கிலி போன்றது. வரப்போகும் விளைச்சலை ஈடாகக் கொண்டு வங்கிகளும் கொழும்பு வணிக நிறுவனங்களும் தோட்டக்காரருக்கு முற்பணம் வழங்கின. தொழிலாளருக்கு வேண்டிய அரிசியைச் செட்டிமார் இந்தியாவிலிருந்து தருவித்தனர். ஆகவே, மரம் காய்க்காதொழியின், கோப்பிச் செடியையே கண்டறியாத கடைக்காரனுக்கும் வரவேண்டிய பணம் நின்றுபோம். அவனுடைய சிக்கனமோ நாணயமோ அவ்வேளையில் அதிகம் உதவியிராது.

1884 ஆம் ஆண்டு மே மாதம் 3 ஆந் திகதி ஓரியண்டல் வங்கி கொடுப்பனவை நிறுத்தியது. தீவில் வழங்கிய நாணயத்தாள்களிற் பெரும்பகுதி அவ்வங்கியினதே. பெட்டியில் இருந்த பணம் ஒருநாளில் வெறுந்தாளாகும் நிலை வணிகருக்கு நேர்ந்தது. தேசாதிபதி ஆதர் கோர்டன் அத்தாள்களுக்கு அரசாங்கத்தின் உத்தரவாதத்தை அளித்தார். துணிவான செயலென்றே அதனைக் கொள்ளல் வேண்டும். அன்றேல் சந்தையே முடங்கியிருக்கும். எனினும், அவ்வுத்தரவாதம் நாணயத்தாள் வைத்திருந்தோரையே காத்தது; வங்கியில் வைப்புச் செய்தோரை அஃது அணுகவில்லை. அடுத்த ஆண்டு முதல் அரசாங்கமே நாணயத்தாள் வெளியிடத் தொடங்கியது.

தப்பியோர் யாவர்? சிங்கோனாவை நம்பியோர் பலர். எல்லோரும் அதனையே பயிரிட்டமையால் அதன் விலையும் சரிந்தது. ஜேம்ஸ் டெய்லர் 1867 இல் ஹேவாஹெட்டைப் பகுதியிற் பயிரிட்ட தேயிலையே ஈற்றில் தோட்டங்களை மீட்டது. 1890 இல் அதன் ஏற்றுமதி நான்கு கோடி இறாத்தலைக் கடந்தது. ஆயினும், தேயிலைக்குத் தொழிற்சாலை வேண்டும். தொழிற்சாலைக்கு முதல் வேண்டும். வீட்டுத் தோட்டத்திற் கோப்பி நட்டுக் காசு கண்ட கண்டிக் கிராமத்தவரிடம் அம்முதல் இல்லை. அவர்களுக்குக் கடன் கொடுக்க எந்த வங்கியும் முன்வரவுமில்லை.