நெசவாளர் ஊரில் பறந்த சூப்பர்மேன்

மராட்டிய மாநிலம் நாசிக் மாவட்டத்தில், கிர்ணா, மோசம் என்னும் இரண்டு ஆறுகள் கூடுமிடத்தில் இருக்கிறது மாலேகான். இவ்வூரின் பெயரைத் தமிழ் வாசகர்களுள் பெரும்பாலோர் செய்தித்தாள்களில்தான் கண்டிருப்பார்கள். அதுவும் குண்டுவெடிப்புச் செய்திகளில். 2006 செப்டம்பர் 8ஆம் நாள், பராஅத் நாளன்று, ஜும்ஆத் தொழுகை முடிந்து மக்கள் வெளிவந்த வேளையில் கபரஸ்தானையொட்டிய பள்ளிவாசலருகே குண்டுகள் வெடித்து முப்பதுக்கு மேற்பட்டோர் மாண்டனர். அவ்வழக்கில் கைதாகி ஐந்தாண்டுகள் சிறையிலிருந்தவர்கள் அதே சமுதாயத்தைச் சேர்ந்த ஒன்பது பேர். 2016இல்தான் நீதிமன்றம் அவர்களை வழக்கிலிருந்து விடுவித்தது. 2008 செப்டம்பர் 29இல் மீண்டும் ஒரு குண்டு வெடித்தது. ஆறு பேர் இறந்தனர். அவ்வழக்கில் குற்றஞ்சாட்டப்பட்ட எழுவரும் 2025 ஜூலை 31இல் விடுதலையாயினர்.

ஆனால் இவ்விரு குண்டுவெடிப்புகளுக்கும் இடைப்பட்ட காலத்தில் அதே ஊரார் சிலர் கடன்பட்ட ஒரு சிறு கேமிராவைக் கொண்டு சிரிப்புப் படம் ஒன்று எடுத்துக்கொண்டிருந்தார்கள் என்ற செய்தி அந்த அளவுக்குப் பரவவில்லை. சினிமா வரலாறு எழுதுவோரும் அதனை ஓர் வேடிக்கையாகக் குறிப்பிட்டுவிட்டுக் கடந்துவிடுகின்றனர். அது வேடிக்கை அன்று என்பதே நமது எண்ணம்.

மாலேகான் கோட்டையைப் பதினெட்டாம் நூற்றாண்டில் நாரோ சங்கர் என்னும் மராட்டியத் தலைவர் கட்டினார். 1818இல் ஆங்கிலேயர் அதனை முற்றுகையிட்டபோது உள்ளிருந்து எதிர்த்து நின்றவர்கள் அரபு வீரர்கள். பின்னர் 1857 எழுச்சிக்குப் பிந்திய கெடுபிடிகளும் 1860களின் பஞ்சமும் விரட்ட, காசி முதலான வடநாட்டு ஊர்களிலிருந்து முஸ்லிம் நெசவாளர்கள் கூட்டங்கூட்டமாய் இங்கு வந்து குடியேறினர். கைத்தறி விசைத்தறியாயிற்று. இன்று அவ்வூரில் லட்சத்துக்கு மேற்பட்ட தறிகள் ஓடுகின்றன. உருதுக் கவியரங்கங்களுக்கும் மதரஸாக்களுக்கும் பெயர்பெற்ற அந்நகரில் தறியின் ஓசை கேளாத தெரு அரிது.

அந்த ஓசை வெள்ளிக்கிழமை மட்டும் ஓய்கிறது. அதுதான் தறிகளுக்கு வார விடுமுறை. காலையிலிருந்து இரவுவரை நின்றபடியே வேலை செய்தவன் கையில் அன்று கூலி இருக்கும், நேரமும் இருக்கும். ஜும்ஆ முடிந்ததும் கால்கள் கொட்டகையை நோக்கித் திரும்பும். ஆலிம்கள் இதனை விரும்பவில்லை என்பதைச் சொல்லவேண்டியதில்லை. ஆனால் கேளிக்கை என்று வேறொன்றும் இல்லாத தொழிலாளர் ஊரில் சினிமா அடைந்த இடத்தை வெறும் கண்டனத்தால் விளங்கிக்கொள்ள இயலாது. அந்தப் பித்து எவ்வளவு தூரம் போகும் என்பதற்கு அண்மைய சான்று ஒன்று உண்டு. 2023 நவம்பரில், சல்மான் கான் நடித்த ‘டைகர் 3’ படம் ஓடிக்கொண்டிருக்கையில், அவ்வூர் மோகன் தியேட்டரின் உள்ளேயே ரசிகர்கள் வாணவெடிகளைக் கொளுத்தினார்கள். மூடிய கூடத்தில் மக்கள் சிதறி ஓடினர். போலீஸ் வழக்கு வந்தது. நடிகரே வேண்டாமென்று வேண்டிக்கொள்ள நேர்ந்தது.

ரசிகன் என்றால் இவ்வளவுதானா? வெடி கொளுத்துவதற்கும் விசிலடிப்பதற்கும் மேலாக அவனிடம் ஒன்றுமில்லையா? நாசிர் ஷேக் என்பவரின் கதை இக்கேள்விக்கு வேறொரு விடை தருகிறது.

நாசிர் ஒரு வீடியோ கொட்டகை நடத்தியவர். ‘டெக்’ என்று நாம் அழைத்த அந்தக் கருவியும் ஒரு திரையும் சில பெஞ்சுகளும் இருந்தால் எண்பதுகளிலும் தொண்ணூறுகளிலும் சிறு ஊர்களில் ஒரு தியேட்டர் தயார். பஸ்டர் கீட்டன், சாப்ளின், புரூஸ் லீ என்று பாஷை புரியாவிட்டாலும் ரசிக்கக்கூடிய படங்களை அவர் தேடித் தேடிக் காட்டினார். இரண்டு டெக்குகளை இணைத்து, ஒன்றில் ஓடுவதை மற்றொன்றில் துண்டு துண்டாய்ப் பதிந்து, படத்தொகுப்பு என்னும் வித்தையைத் தாமே கற்றார். பூனா திரைப்படக் கல்லூரியில் ஆண்டுக்கணக்கில் பயிலும் பாடத்தை இவர் பிழைப்பின் நடுவே பயின்றார் என்று சொன்னால் மிகையாகாது. உரிமையற்ற படங்களைக் காட்டுவதாகப் போலீஸ் கெடுபிடி வந்தபோது, பிறர் படத்தைக் காட்டினால்தானே வம்பு, நாமே ஒன்று எடுத்துவிடுவோம் என்று துணிந்தார் என்பார்கள்.

எடுக்கத் துணிந்த படமோ ‘ஷோலே’! 1975 ஆகஸ்ட் 15இல் வெளிவந்து, பம்பாய் மினர்வா தியேட்டரில் ஐந்தாண்டுகள் ஓடிய படம். வசனங்களை மட்டும் தனியே இசைத்தட்டாக விற்று அதிலும் பணம் பார்த்த படம். 70 எம்.எம். அகலத்தில், கோடிக்கணக்கில் செலவழித்து, பெங்களூருக்கு அருகே ராமநகரப் பாறைகளிடையே ஓர் ஊரையே கட்டியெழுப்பி எடுத்தார்கள். நாசிரிடம் இருந்ததோ ஐம்பதாயிரம் ரூபாய் அளவுக்கு ஒரு தொகையும் திருமண வீடுகளில் ஓடும் வகைக் கேமிராவும் சம்பளம் கேளாத நண்பர்களும். குதிரைகளுக்கு எங்கே போவது? கொள்ளையர்கள் சைக்கிளில் வந்தார்கள். ரயில் பஸ்ஸாயிற்று. கப்பர் சிங் ‘ரப்பர் சிங்’ ஆனான். பசந்தி ‘பாஸ்மதி’ ஆனாள். 2000ஆம் ஆண்டுவாக்கில் வெளிவந்த ‘மாலேகான் கே ஷோலே’ அவ்வூர் வீடியோ கொட்டகைகளை நிறைத்தது.

இதனை நகல் என்று ஒதுக்கிவிட முடியாது. நகல் எடுப்பவன் மூலத்தைப் போலவே இருக்கவேண்டும் என்று பாடுபடுவான். இவர்களோ போல இருக்க முடியாத இடங்களிலெல்லாம் தம் ஊரை வைத்தார்கள். மூலப்படத்தின் ஒவ்வொரு வசனத்தையும் மனப்பாடமாய் அறிந்த கூட்டம், குதிரை வரவேண்டிய இடத்தில் சைக்கிள் மணி கேட்டபோது சிரித்தது. தன் தெருவையும் தன் பக்கத்து வீட்டுக்காரனையும் திரையில் கண்டு மகிழ்ந்தது. பம்பாய் சினிமாவில் தறிக்காரன் கதாநாயகனாய் வந்தது எத்தனை முறை? இங்கே பகலில் தறியில் நின்றவனே இரவில் வீரனாய் நின்றான்.

இதே ‘ஷோலே’யைப் பெரும் முதலீட்டில், அமிதாப் பச்சனையே வில்லனாக்கி ராம்கோபால் வர்மா 2007இல் மறுபடியும் எடுத்தார். படம் படுத்தது, பதிப்புரிமையை மீறியதற்காக 2015இல் தில்லி உயர்நீதிமன்றம் பத்து லட்சம் ரூபாய் தண்டமும் விதித்தது. சட்டத்தின் பார்வையில் மாலேகான்காரர்களும் இதற்கு விலக்கல்லர். ஆயினும் ரசிகன் ஒருவன் மூலத்தை எடுத்து என்ன செய்கிறான் என்பதில் இருவேறு வகைகள் உண்டு என்பது இவ்விரு படங்களையும் அருகருகே வைத்தால் விளங்கும்.

நாசிர் அடுத்துக் கைவைத்தது அமெரிக்கச் சரக்கில். சூப்பர்மேனின் பிறப்பை அறிந்தவர்களுக்கு அந்தத் தேர்வு வியப்பாய் இராது. கிளீவ்லண்டு நகரில் வாழ்ந்த, குடியேறிகளின் பிள்ளைகளான ஜெரி சீகல், ஜோ ஷூஸ்டர் என்னும் இரு யூத இளைஞர்கள், பள்ளிப் பருவத்தில் விஞ்ஞானக் கதைகளின் பரம ரசிகர்கள். 1933இல் அவர்களே உருட்டச்சில் அடித்து வெளியிட்ட ஒரு கையடக்க ரசிகர் இதழில்தான் ‘சூப்பர்மேன்’ என்னும் பெயர் முதன்முதல் தோன்றியது. பல இடங்களில் திருப்பியனுப்பப்பட்ட பின் 1938இல் 130 டாலருக்கு அவ்வுரிமையை விற்றுவிட்டார்கள். பிறர் கோடிகளைக் குவித்தபோது படைத்தவர்கள் வறுமையில் உழன்றார்கள். 1975இல் பத்திரிகைகளில் கூக்குரல் எழுந்த பின்பே ஆண்டுக்கு 20,000 டாலர் உதவித்தொகையும் பெயர் போடும் மரியாதையும் அவர்களுக்குக் கிட்டின. வேற்றுலகிலிருந்து அநாதையாய் வந்து விழுந்து, அந்த மண்ணையே தன் மண்ணாக்கிக்கொண்டவன் அந்த வீரன். பஞ்சம் விரட்ட வந்து குடியேறிய நெசவாளரின் பேரர்கள் அவனைத் தம்மவனாக்கிக்கொண்டதில் ஒரு நியாயம் இருக்கிறது.

மாலேகானின் சூப்பர்மேன் ஷபீக் ஷேக் என்னும் விசைத்தறித் தொழிலாளி. மெலிந்த மேனியர், நீந்தவும் தெரியாதவர். அவரைத்தான் வானில் பறக்கவிட்டார்கள். பச்சைத் துணியைப் பின்னால் கட்டிப் படமெடுத்து, கணினியில் அத்துணியை நீக்கிவிட்டு வானத்தைப் பொருத்தினார்கள். மாட்டுவண்டி பாரந்தூக்கியாய் நின்று கேமிராவை உயர்த்தியது. சைக்கிள் அதனை உருட்டிச் சென்றது. இடையில் கேமிரா தண்ணீரில் விழுந்தது, படப்பிடிப்பு நின்றது. நாயகனின் சொந்தத் திருமணமும் இடையில் வந்தது. வில்லனோ உலகைக் கைப்பற்ற விழையும் விஞ்ஞானி அல்லன். புகையிலையையும் அழுக்கையும் எச்சிலையும் உயிராய் நேசிப்பவன். சாக்கடையும் குட்கா எச்சிலும் நிறைந்த தெருவில் வாழ்வோருக்கு அவனைவிடப் பெரிய பகைவன் யார்?

இந்த முயற்சியைப் பக்கத்திலிருந்து பதிவு செய்தவர் ஃபைஸா அஹ்மத் கான் என்னும் பெண் இயக்குநர். ‘சூப்பர்மென் ஆஃப் மாலேகான்’ என்ற அவருடைய ஆவணப்படம் 2008இல் வெளிவந்து பல நாட்டு விழாக்களில் பாராட்டுப் பெற்றது. இந்தியத் தியேட்டர்களுக்கு 2012 ஜூனில்தான் வந்தது. அதற்குள் ஷபீக் புற்றுநோய்க்கு இரையாகிவிட்டார்.

அந்த ஆவணப்படத்தில் நம் மனத்தை அதிகம் தைப்பவர் நாயகரல்லர், எழுத்தாளர் பரோக் ஜாப்ரிதான். முந்நூறு கிலோமீட்டருக்குச் சற்றுக் குறைவான தூரத்தில் பம்பாய் இருக்கிறது. அங்கு போய் எழுத்தாளராக வேண்டும் என்பது அவருடைய ஏக்கம். இரவு பஸ் ஏறினால் விடியற்காலை போய்விடலாம். ஆனால் அந்தத் தூரம் கிலோமீட்டரில் அளப்பதன்று. பகடிப் படம் எழுதும் கைக்குள் ஒரு சொந்தக் கதை காத்துக்கிடக்கிறது என்பதை அவர் முகமே காட்டிக்கொடுக்கிறது.

புகழ்ச்சியோடு நிறுத்திக்கொள்வது முறையாகாது. இப்படங்களில் மாலேகான் பெண்கள் இல்லை. ஊர்ப் பெண் எவரும் நடிக்க வாராமையால் கதாநாயகியை வெளியூரிலிருந்து கூலி பேசி அழைத்துவந்தார்கள். கொட்டகையில் அமர்ந்து பார்த்தவர்களும் ஆண்களே. தறியில் நூல் சுற்றும் வேலையில் பாதியைச் சுமக்கும் பெண்களின் சிரிப்பு எதுவென்று இப்படங்களால் நாம் அறியமுடியாது.

இதனை முஸ்லிம் ஊரின் குறையென்று மட்டும் எண்ணுவோர் அதே நாசிக் மாவட்டத்தின் வரலாற்றைச் சற்றுப் புரட்டவேண்டும். இந்திய சினிமாவின் தந்தை எனப்படும் தாதாசாகேப் பால்கே 1870இல் பிறந்தது இம்மாவட்டத்துத் திரியம்பகத்தில். 1911வாக்கில் பம்பாய்க் கூடாரம் ஒன்றில் ஏசுநாதரின் வாழ்க்கைப் படத்தைப் பார்த்தார். அதே போல நம் தெய்வங்களைத் திரையில் காணமாட்டோமா என்ற ஏக்கம் அவரைப் பிடித்துக்கொண்டது. ஆயுள் காப்பீட்டுப் பத்திரங்களை அடகு வைத்துப் பணம் திரட்டினார். அவருடைய ‘ராஜா ஹரிச்சந்திரா’வில் நடிக்கப் பெண் எவரும் முன்வரவில்லை. ஓர் உணவு விடுதியில் சமையல் வேலை செய்த அண்ணா சாளுங்கே என்ற இளைஞரே சந்திரமதியாய்ச் சேலை கட்டினார். 1913இல் அப்படம் திரைக்கு வந்தது. பார்த்த படத்தின் மோகத்தால் தன் படத்தை எடுத்தவர், வீட்டுப் பொருளை வைத்து மூலதனம் தேடியவர், நடிகை கிடைக்காமல் தவித்தவர்: பால்கேக்கும் நாசிருக்கும் உள்ள வேறுபாடு இவ்விடயங்களில் மிகக் குறைவு. ஒருவரின் பெயரால் மத்திய அரசு விருது வழங்குகிறது. மற்றவரின் படங்கள் தெருக்கடைத் தகடுகளில் பிரதி பிரதியாய்ப் பரவின; படம் எடுத்தவருக்கு வந்துசேர்ந்தது அற்பம். திருட்டுப் பிரதிகளில் தொழில் கற்ற கொட்டகைக்காரரின் படத்தையே திருட்டுப் பிரதி தின்றது.

பம்பாய்க்குப் போக ஏங்கிய ஊரைத் தேடி இறுதியில் பம்பாயே வந்தது. ரீமா காக்தி இயக்க, வருண் குரோவர் எழுத, ‘சூப்பர்பாய்ஸ் ஆஃப் மாலேகான்’ என்னும் இந்திப் படம் 2024 செப்டம்பரில் டொராண்டோ விழாவில் காட்டப்பட்டு 2025 பிப்ரவரி 28இல் இந்தியாவில் வெளியாயிற்று. நாசிராக ஆதர்ஷ் கௌரவும், ஷபீக்காக ஷஷாங்க் அரோராவும், பரோக்காக வினீத் குமார் சிங்கும் நடித்தார்கள். ஹிந்தி சினிமாவை நகலெடுத்தவர்களை ஹிந்தி சினிமா நகலெடுத்த விந்தை அது. நல்ல படந்தான், விமர்சகர்கள் மெச்சினார்கள். வசூல் மட்டும் சொல்லும்படி இல்லை.

இன்று மாலேகானில் கொட்டகைக்காக யாரும் படம் எடுப்பதில்லை. கைப்பேசியில் ஓடும் காந்தேசிக் குறும்படங்களே அங்குள்ள கலைஞர்களின் பிழைப்பு. அவ்வூரைச் சேர்ந்த, உயரத்தில் குறைந்த நகைச்சுவை நடிகர் ஒருவர் ‘சோட்டு தாதா’ என்ற பெயரில் நடித்த யூடியூப் காட்சிகளைப் பல கோடி முறை மக்கள் பார்த்திருக்கிறார்கள். டிராக்டர்காரன், ஐஸ் விற்பவன் என்று அவர் போடும் வேடங்கள் எல்லாம் தெருவிலிருந்து எடுத்தவை. கப்பரும் வீருவும் அவற்றில் இல்லை. நகலெடுக்க மூலப்படம் எதுவும் இப்போது அவர்களுக்குத் தேவைப்படவில்லை.