தமிழ் வசனத்திற் பந்தி

பந்தி என்றதும் நம்மவர்க்கு முதலில் நினைவுக்கு வருவது கோயில் அன்னதானப் பந்தியே. எழுத்திலும் பந்தி ஒன்றுண்டு. மிஷன் பாடசாலையில் ஆங்கில வியாசம் எழுதிப் பழகிய நாம், எழுத்துப் பந்தி தமிழுக்குப் புறம்பான பொருளென்றே நெடுநாள் எண்ணியிருந்தோம். சரித்திரம் அவ்வெண்ணத்தைத் திருத்திற்று.

ஏட்டுச்சுவடிக் காலத்தில் ஓலையின் நீளமே வரியின் நீளம். சொற்களுக்கிடையே இடைவெளி இல்லை. ஓலை துளைபட்டுவிடுமென்று மெய்யெழுத்துக்குப் புள்ளியும் இடுவதில்லை. செய்யுளைச் சீரும் அடியும் காத்தன. உரையையோ ஆசிரியரின் வாய்தான் பிரித்துக் காட்டிற்று. ஆசிரியரை அருகிற் பெறாதவனுக்கு ஏடு பூட்டிய வீடேயாம்.

அச்சு பரவியபின் இந்நிலை மாறியது. அம்மாற்றத்தை ஈழநாட்டில் முன்னின்று நடத்தியவர் நல்லூர் ஆறுமுக நாவலர் (1822–1879). யாழ்ப்பாணத்து வெஸ்லியன் மிஷன் பாடசாலையிற் கற்று, அங்கேயே கற்பித்தவர் அவர். பேர்சிவல் பாதிரியாரின் விவிலிய மொழிபெயர்ப்புக்குத் துணைநின்றவர். 1848 இல் வண்ணார்பண்ணையிற் சைவப்பிரகாச வித்தியாசாலையைத் தொடங்கினார். அடுத்த ஆண்டு சென்னை சென்று அச்சியந்திரம் கொணர்ந்தார். பாலபாடங்களும் பெரியபுராண வசனமும் பின்னர் வெளிவந்தன. வாக்கியங்களைக் குறியிட்டுப் பிரிக்கும் முறை தமிழ் வசனத்தில் வேரூன்ற அவர் நூல்கள் பெரிதும் உதவின.

நான்காம் பாலபாடத்தை எடுத்துப் பார்ப்போம். களவு, கள்ளுண்ணல் என ஒவ்வொரு பொருளுக்கும் தனிப் பாடம் உண்டு. களவாவது இன்னதென்று முதலிற் கூறுகின்றார். அதனால் விளையும் கேட்டைப் பின்னர் விரிக்கின்றார். பிறிதொன்றை இடையிற் புகுத்துவதில்லை. நல்ல பந்தியின் இலக்கணமும் இதுவே. குறிகட்டுவானிற் புறப்பட்ட நயினாதீவுப் படகு நடுக்கடலில் நெடுந்தீவுக்குத் திரும்புவதுண்டோ?

எனவே, மிஷன் பாடசாலையில் நாம் கற்றதும் நாவலர் காட்டியதும் பகையல்ல. ஓரிடத்திற் கற்றதைத் தம் மக்களுக்கு உரியதாக்கிய அவர் துணிவே நமக்கு வேண்டுவது.

இதனை இன்று வற்புறுத்தக் காரணம் உண்டு. போரினால் இடம்பெயர்ந்த புங்குடுதீவு மக்கள் பல தேசங்களிற் சிதறி வாழ்கின்றனர். கிணறு, குளம், கோயில், வயல் ஆகியவற்றின் வரலாறு முதியோர் நாவில் மாத்திரம் நிற்கின்றது. அதனை இளைஞராகிய நாம் கேட்டு எழுதவேண்டும். பொருளுக்கொரு பந்தியாய்த் தெளிவுற எழுதவேண்டும். தவறின், பிரித்துச் சொல்லும் வாய் மறைந்தபின், நம் எழுத்தும் நாளைய பிள்ளைகளுக்குப் புள்ளியில்லா ஏடாய்விடும்.