சிறைக்குப் பின் ஒரு வாழ்வு: பாப்பாரப்பட்டியும் அரசின் உதவியும்

தண்டனை முடிந்து வெளியே வருபவருக்குச் சோறும் தங்க இடமும் யார் தருவது என்ற கேள்வியை இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் சென்னை மாகாண அரசு பெரிதாக எண்ணவில்லை. உறவினர் ஏற்றால் உண்டு, இல்லாவிட்டால் தெருதான். அன்று சேலம் மாவட்டத்தில் அடங்கியிருந்த பாப்பாரப்பட்டி, ஒருவர் விஷயத்தில் அந்தப் பொறுப்பைத் தானே ஏற்றது. அவர் விடுதலைப் போராட்ட வீரர் சுப்பிரமணிய சிவா.

1908இல் சக போராளி வ.உ.சிதம்பரனாருடன் அரசுத் துரோக வழக்கில் கைதான சிவாவுக்கு நீதிபதி பின்ஹே விதித்த பத்தாண்டு நாடுகடத்தல், மேல்முறையீட்டில் ஆறாண்டாகக் குறைந்தது. திருச்சி, சேலம் சிறைகளில் கடும் வேலை வாங்கினார்கள். 1912 நவம்பரில் விடுதலையானபோது அவர் உடலில் தொழுநோய் பற்றியிருந்தது. பின்னர் ரயிலில் ஏறவும் தடை வந்தது. மாட்டுவண்டியிலும் கால்நடையாகவும் ஊர் ஊராகப் போய்ப் பேசினார். 1912இலேயே வெளிவந்த வ.உ.சி.யோ வழக்கறிஞர் தொழில் உரிமத்தை இழந்து, சென்னையில் சிறு கடை வைத்துப் பார்த்தார். இவையெல்லாம் தீர்ப்பில் எழுதப்படாத தண்டனைகள்.

1921இல் சிவா மீண்டும் சிறை சென்றார். நோய் முற்றித் திரும்பியவருக்குப் பாப்பாரப்பட்டியில் சின்னமுத்து முதலியார் முதலான நண்பர்கள் துணை நின்றனர். ஊரருகே நிலம் வாங்கி, பாரதபுரம் எனப் பெயரிட்டு, ஆசிரமம் அமைத்தார். தொழுநோயாளிகளை ஊரார் ஒதுக்கி வைத்த காலம் அது. அங்கே அவருக்கு இடமும் ஆட்களும் கிடைத்தது மட்டுமல்ல, பாரதமாதா கோயில் கட்டும் வேலையும் இருந்தது. உதவி என்பதில் இதுவே பெரும்பகுதி. 1923இல் சித்தரஞ்சன் தாஸ் அடிக்கல் நாட்டினார். கோயில் எழும்பும் முன்பே, 1925 ஜூலை 23 அன்று, 40 வயதில் சிவா அங்கேயே இறந்தார்.

அரசின் ஏற்பாடும் அந்த ஆண்டுகளில்தான் தொடங்கியது. சென்னையின் தற்காலிக ஆளுநராக இருந்த அலெக்சாண்டர் கார்டியூ தலைமையிலான இந்தியச் சிறைக் குழு (1919–20), கைதியைத் திருத்துவதே சிறையின் நோக்கம் என்றும், விடுதலைக்குப் பின் உதவி வேண்டும் என்றும் கூறியது. 1921இல் சென்னையில் விடுதலையான கைதிகளுக்கான உதவிச் சங்கம் தோன்றியது. 1936இல் வந்த சென்னை நன்னடத்தைச் சட்டம், முதல் குற்றம் செய்தவரைச் சிறைக்கு அனுப்பாமலே கண்காணிக்க வழிசெய்தது. நாடு முழுமைக்குமான சட்டம் 1958இல்தான் வந்தது.

1965 அக்டோபர் 2 அன்று பாப்பாரப்பட்டியை உள்ளடக்கிய தருமபுரி தனி மாவட்டமானது. ஆனாலும் நீண்ட தண்டனை பெற்றவர்கள் பெரும்பாலும் சேலம் மத்திய சிறைக்கே அனுப்பப்படுகிறார்கள். வெளிவருபவர் பெட்டிக்கடை வைக்கவோ தையல் இயந்திரம், கறவை மாடு வாங்கவோ அந்த உதவிச் சங்கம் உதவுகிறது. சிறையிலிருந்து விடுப்போ முன்விடுதலையோ கேட்பவரின் ஊருக்கு நன்னடத்தை அலுவலர் போய், குடும்பமும் அக்கம்பக்கமும் அவரை ஏற்குமா என்று விசாரித்து அறிக்கை தருகிறார். அந்த அறிக்கை சாதகமாக இல்லாவிட்டால் விடுப்பு கிடைப்பது கடினம்.