பயன்படுத்திய அட்டைப்பெட்டி

பயன்படுத்திய அட்டைப்பெட்டி என்பது ஒருமுறையேனும் சரக்கேற்றிச் சென்று, பொருள் இறக்கப்பட்ட பின்னும் உருக்குலையாமல் எஞ்சி, அதே வடிவில் மீண்டும் பொதியிடப் பயன்படும் நெளி அட்டைப் பெட்டியைக் குறிக்கும். பெட்டியைக் கூழாக்கிப் புதிய தாள் செய்வது மறுசுழற்சி எனப்படும். பெட்டியைப் பெட்டியாகவே மீண்டும் எடுத்தாள்வது மறுபயன்பாடு ஆகும். இவ்விரண்டும் பொதுவழக்கில் அடிக்கடி குழப்பிக்கொள்ளப்படுகின்றன.

ஐக்கிய அமெரிக்காவில் பயன்படுத்திய பெட்டிகளை வாங்கித் தரம்பிரித்து விற்பது ஒரு தனி வணிகமாக வளர்ந்துள்ளது. இந்தியாவில் இது பெரும்பாலும் பழைய பேப்பர் கடைகள், காய்கனிச் சந்தைகள் ஆகியவற்றின் வழியாக முறைசாரா வணிகமாக நடைபெறுகின்றது. புதிய பெட்டி எளிதாகக் கிடைக்கும்போதும் நிறுவனங்கள் பழையதை நாடுவதற்கு விலை முதன்மைக் காரணமாகும். எனினும் விலை மட்டும் இதனைத் தீர்மானிப்பதில்லை.

வரலாறு

நெளித்த தாளுக்கான முதல் காப்புரிமம் 1856 இல் இங்கிலாந்தில் தொப்பிகளின் உட்பட்டைக்காக வழங்கப்பட்டது. 1871 இல் நியூயார்க்கைச் சேர்ந்த ஆல்பர்ட் ஜோன்சு என்பவர் புட்டிகளையும் விளக்குக் கண்ணாடிகளையும் சுற்றுவதற்கு நெளி தாளைப் பயன்படுத்தக் காப்புரிமம் பெற்றார். 1874 இல் ஆலிவர் லாங் நெளி தாளுடன் தட்டைத் தாளை ஒட்டும் முறையைச் சேர்த்தார். இன்றைய நெளி அட்டையின் அடிப்படை இதுவே.

அக்காலத்தில் சரக்குகள் மரப்பெட்டிகளில் அனுப்பப்பட்டன. அட்டைப்பெட்டியில் வந்த சரக்குக்கு அமெரிக்கத் தொடருந்து நிறுவனங்கள் கூடுதல் கட்டணம் கேட்டன. 1914 இல், பிரிடம் வழக்கு என அறியப்படும் வழக்கில், மாநிலங்களிடை வணிக ஆணையம் இவ்வேறுபாடு கூடாது எனத் தீர்ப்பளித்தது. அதன் பின்னரே அட்டைப்பெட்டி மரப்பெட்டியை விரைந்து பின்தள்ளியது. மரப்பெட்டி பலமுறை பயன்படும் பொருளாக இருந்தது. அட்டைப்பெட்டியோ ஒருமுறை பயன்படுத்திவிட்டு எறியும் அளவுக்கு மலிவாக இருந்தமையால் வெற்றி பெற்றது. அதனை மீண்டும் பயன்படுத்தும் வழக்கம் இந்த வகையில் ஒரு பழைய பழக்கத்தின் மீட்சி எனலாம்.

அமைப்பும் வலிமையும்

நெளி அட்டை, இரு தட்டைத் தாள்களுக்கு இடையே ஒரு நெளி தாளை ஒட்டி உருவாக்கப்படுகிறது. வணிகத்தில் இது 'த்ரீ ப்ளை' எனவும், இரு நெளி அடுக்குகள் கொண்டது 'ஃபைவ் ப்ளை' எனவும் வழங்கப்படும். பெட்டியில் நெளிவுகள் செங்குத்தாக நின்று, வரிசையாக அமைந்த சிறு தூண்களைப் போல மேற்சுமையைத் தாங்குகின்றன. அச்சுமையில் பெரும்பகுதி நான்கு மூலைகளிலும் அவற்றை ஒட்டிய பகுதிகளிலும் இறங்குகிறது. ஆகவே நடுப்பக்கத்தில் ஒரு கீறல் உள்ள பெட்டியைவிட மூலை மடிந்த பெட்டியே ஐயத்துக்குரியது.

1963 இல் மெக்கீயும் அவருடைய உடனாய்வாளர்களும் வெளியிட்ட சமன்பாடு, அட்டையின் விளிம்பு நசுக்க வலிமை, தடிப்பு, பெட்டியின் சுற்றளவு ஆகிய மூன்றைக் கொண்டு பெட்டியின் அடுக்கு வலிமையைக் கணிக்கிறது. தடிப்பு இதில் இடம்பெறுவது பழைய பெட்டியை மதிப்பிடுவதற்கு முக்கியமானது. நெளிவு ஒருமுறை நசுங்கிவிட்டால் தாள் கிழியாமல் இருப்பினும் தடிப்பு குறைந்துவிடும். அதனோடு வலிமையும் குறையும். கைவிரலால் அட்டையை அழுத்திப் பார்க்கும் கடைக்காரரின் பழக்கம் இக்காரணத்தால் பொருளற்றதன்று.

பெட்டியின் பெரும்பகை ஈரம். காற்றின் ஈரப்பதம் ஏறும்போது தாளின் இழைகள் நீரை உறிஞ்சித் தளர்கின்றன. மிக ஈரமான கிடங்கில், ஆய்வகத்தில் 50 விழுக்காடு ஈரப்பதத்தில் அளந்த வலிமையில் ஏறத்தாழப் பாதியே எஞ்சலாம். சுமையின் கீழ் நாட்கணக்கில் நிற்கும் பெட்டி மெல்லமெல்ல அமுங்கும். ஈரப்பதம் ஏறியும் இறங்கியும் மாறினால் அந்த அமுக்கம் விரைவுபடும். மழைக்காலத்தைக் கிடங்கில் கழித்த பெட்டி, பின்னர் உலர்ந்து நன்றாகத் தோன்றினாலும் புதியதற்கு இணையாகாது. மாறாக, உலர்ந்த சரக்கை ஒரே பயணத்தில் சுமந்து வந்த பெட்டி தன் வலிமையில் பெரும்பகுதியைத் தக்கவைத்திருக்கும்.

தாளின் மூலமும் கருதத்தக்கது. கார்ல் டால் 1879 இல் கண்டறிந்த கிராஃப்ட் முறையில் ஊசியிலை மரங்களின் நீண்ட இழைகளிலிருந்து வலிமையான தாள் கிடைக்கிறது. ஒவ்வொரு மறுசுழற்சியிலும் இழைகள் குறுகுகின்றன. இந்தியாவில் பெட்டிக்கான தாள் பெரும்பாலும் கழிவுத்தாளிலிருந்தே செய்யப்படுகின்றது. எனவே, புதிய இழைத்தாளால் ஆன, இறக்குமதிச் சரக்குடன் வந்த ஒரு பழைய பெட்டி, பலமுறை சுழன்ற இழையால் ஆன புதிய பெட்டியைவிட உறுதியாக இருப்பதும் உண்டு.

விலைக் கணக்கு

பழைய பெட்டியின் விலை புதியதைவிடக் குறைவு. ஆயினும் தரம்பிரித்தல், பழைய ஒட்டுநாடாவையும் முகவரியையும் நீக்கல், அளவு பொருத்தல் ஆகியவற்றுக்கு வேலையாட்கள் தேவை. ஒரு கற்பனைக் கணக்கைக் கொள்வோம். புதிய பெட்டி 60 ரூபாய், பழையது 30 ரூபாய், அதனைத் தயார்செய்ய 5 ரூபாய் எனில் பெட்டிக்கு 25 ரூபாய் மிச்சமாகும். உள்ளே வைக்கும் பொருளின் மதிப்பு 2,500 ரூபாயாகவும், பெட்டி உடைந்தால் பொருள் முழுதும் வீணாவதாகவும் இருந்தால், நூற்றுக்கு ஒரு பெட்டி கூடுதலாக உடைந்தாலே மிச்சம் முழுவதும் கரைந்துவிடும். பொருளின் மதிப்பு 500 ரூபாய் எனில் இருபதுக்கு ஒன்று உடையும் வரை நட்டமில்லை. மலிவான அல்லது உடையாத பொருளை அனுப்புவோர் பழைய பெட்டியை விரும்புவதும், கண்ணாடியோ மின்னணுக் கருவியோ அனுப்புவோர் தயங்குவதும் இதனாலேயே.

சந்தையின் ஏற்ற இறக்கங்களும் இத்தேர்வைப் பாதிக்கின்றன. 2018 இல் சீனா கழிவுத்தாள் இறக்குமதியைக் கடுமையாகக் கட்டுப்படுத்தியது. 2021 முதல் திடக்கழிவு இறக்குமதியை முற்றாகத் தடைசெய்தது. கட்டுப்பாடு தொடங்கியதும் அமெரிக்காவில் பழைய அட்டையின் விலை சரிந்தது. அவ்வாறான காலத்தில் காலிப் பெட்டியைக் கழிவாக எடைக்குப் போடுவதைவிட முழுப்பெட்டியாக விற்பதே கடைகளுக்கு ஆதாயம். இதற்கு எதிர்மாறாக, 2020–21 இல் இந்தியாவில் கழிவுத்தாள் தட்டுப்பாட்டால் கிராஃப்ட் தாளின் விலை உயர்ந்து, புதிய பெட்டிகளின் விலையும் ஏறியது. அப்போது பழைய பெட்டியை நாடும் தூண்டுதல் வாங்குவோர் பக்கம் இருந்தது.

கேலார்டு பெட்டிகள்

பலகைத்தட்டு அளவுள்ள பெரிய பெட்டிகள் வட அமெரிக்காவில் 'கேலார்டு' என வழங்கப்படுகின்றன. செயின்ட் லூயிசு நகரில் இருந்த கேலார்டு கன்டெய்னர் நிறுவனத்தின் பெயரே பொதுப்பெயராகிவிட்டது. இவை பெரும்பாலும் 48 அங்குலத்துக்கு 40 அங்குல அடிப்பரப்புள்ள பலகைத்தட்டில் பொருந்துமாறு, பல அடுக்கு அட்டையால் செய்யப்படுகின்றன.

மறுபயன்பாட்டுக்கு இவை மிகவும் ஏற்றவை. நெகிழிக் குருணைகள் இப்பெட்டிகளில் உட்பையுடன் வருவதால் பெட்டியின் உட்புறம் தூய்மையாகவே எஞ்சுகிறது. ஒரே ஆலையில் ஒரே அளவுப் பெட்டிகள் பெருந்தொகையாகக் காலியாகின்றன. வாங்குவோரும் தோற்றத்தைப் பொருட்படுத்துவதில்லை: நெகிழி மறுசுழற்சி ஆலைகள், மின்னணுக் கழிவு சேகரிப்போர், பழைய ஆடைகளைத் திரட்டும் அறநிலையங்கள் முதலியோர் இவற்றை வாங்குகின்றனர். அச்சுப்பிழையால் பயன்படாத புதிய பெட்டிகளும் இதே வணிகர்களிடம் கிடைப்பதுண்டு.

வரம்புகள்

தானியங்கிப் பொறிகள் பெட்டிகளை விரித்து ஒட்டும் ஆலைகளில் பழைய பெட்டிகள் சிக்கிக்கொள்ளும். சில்லறை வாடிக்கையாளருக்குச் செல்லும் பொதிகளில் வேறொரு நிறுவனத்தின் பெயர் காணப்படுவதும் விரும்பப்படுவதில்லை. உணவு நேரடியாகத் தொடும் இடத்தில் முந்தைய சரக்கின் எச்சங்களும், மறுசுழற்சித் தாளில் உள்ள அச்சு மையின் கனிம எண்ணெய்களும் கவலைக்குரியவை.

அமெரிக்கப் பெட்டிகளின் அடிமடலில் காணப்படும் வட்ட முத்திரை, பெட்டி செய்தவரின் சான்றாகும். அதில் அட்டையின் வலிமை, அதிகபட்ச அளவு, அதிகபட்ச மொத்த எடை ஆகியவை குறிக்கப்படும். இம்முத்திரை புதிய அட்டையின் வலிமையை மட்டுமே கூறுகிறது. இரண்டாம் பயணத்தில் அதனை எழுத்துக்கு எழுத்து நம்பி அடுக்கினால் அடுக்கு சரிந்து அருகில் நிற்போர் காயமுறக்கூடும். அபாயச் சரக்குகளுக்கான ஐக்கிய நாடுகள் விதிகளின்படி, மீண்டும் நிரப்பும் முன் பொதிகலம் ஆராயப்பட்டுக் குறையற்றதாக இருத்தல் வேண்டும். பொருந்தாத பழைய அபாயச் சின்னங்களும் அகற்றப்படவோ மறைக்கப்படவோ வேண்டும்.

சுற்றுச்சூழலும் சட்டமும்

ஐரோப்பிய ஒன்றியத்தின் 2008 ஆம் ஆண்டுக் கழிவு நெறிமுறை மறுபயன்பாட்டை மறுசுழற்சிக்கு மேலான படியில் வைக்கிறது. கூழாக்குவதற்கும் உலர்த்துவதற்கும் வேண்டிய நீரும் ஆற்றலும் மறுபயன்பாட்டில் மிச்சமாகின்றன. ஆனால் காலிப் பெட்டிகளை நெடுந்தொலைவு ஏற்றிச் சென்றால் இந்த ஆதாயம் எரிபொருளில் கரைந்துவிடும். அதனால் இவ்வணிகம் பெரும்பாலும் ஒரு வட்டாரத்துக்குள்ளேயே நடைபெறுகிறது. 2025 இல் நடைமுறைக்கு வந்த ஐரோப்பியப் பொதியிடல் ஒழுங்குமுறை போக்குவரத்துப் பொதிகளுக்கு மறுபயன்பாட்டு இலக்குகளை விதித்தது. அட்டைப்பெட்டிகளுக்கு மட்டும் அவ்விலக்குகளிலிருந்து விலக்களித்தது. ஆகவே அங்கும் அட்டைப்பெட்டியை மீண்டும் பயன்படுத்துவது அவ்விலக்குகளின் கட்டாயமாக அன்றி, நிறுவனத்தின் விருப்பத் தேர்வாகவே உள்ளது.