பவாய்: ஓர் ஊர்ப்பெயர் ஆராய்ச்சி

பிலிப்பைன்ஸின் லூசோன் தீவில், இலோகோஸ் நோர்தே மாகாணத்துக் கடற்கரையில் பவாய் என்றொரு சிற்றூர் இருக்கிறது. நெல்லும் பூண்டும் விளைகிற ஊர். அதன் பெயருக்குச் சொல்லப்படும் விளக்கத்தைப் படிக்கும்போதெல்லாம் எனக்கு எரிச்சல் மூள்கிறது. பக்கத்து ஊரான பத்தாக்கைச் சாராமலே தங்களால் வாழ முடியும் என்று அவ்வூரார் ‘மகபவாய்’ என்றார்களாம், அதுவே ஊர்ப்பெயராயிற்றாம்.

இது காரணம் அன்று, பெயருக்குப் பின் பிறந்த கதை. இலோகானோ மொழியில் ‘மக’ என்பது ஆற்றலைக் காட்டும் முன்னொட்டு. ‘சூரத்’ எழுத்து, ‘மகசூரத்’ எழுத வல்லது. அப்படியானால் ‘மகபவாய்’ என்பதிலிருந்து முன்னொட்டைக் கழித்தால் நிற்பது எது? ‘பவாய்’ தானே? எந்தச் சொல்லுக்குப் பிறப்புக் காட்ட வந்தார்களோ, அதையே முதலாக வைத்துக்கொண்டு கணக்குப் பார்க்கிறார்கள். பகுதிக்குப் பொருள் சொல்லாதவன் பதத்துக்குப் பொருள் சொன்னதாக ஆகாது.

‘தனித்து வாழ்தல்’ என்ற பொருளை எங்கிருந்து பிடித்தார்கள் என்பதும் தெரிந்ததே. இலோகானோவில் விடுதலைக்கு ‘வயாவயா’ என்று பெயர். ‘வயா’ என்றால் ஓய்வு, இடங்கொடுத்தல். அழகான சொல். ஆனால் அது உயிரில் முடிகிறது, ஊர்ப்பெயரோ யகர ஒற்றில் முடிகிறது. ஈற்றுயிர் எங்கே போயிற்று, ஒற்று எங்கிருந்து வந்தது என்று கேட்டால் பதில் இல்லை. ஊரின் வேர் இந்திய-மலாய் நாடுகளில் இருப்பதாக எழுதுவோரும் உளர். பெயருக்கு அவர்கள் ஒரு சொல்லும் காட்டுவதில்லை, ஆதலால் அவர்களோடு வழக்கில்லை. ‘எம்பாவாய்’ கேட்டு வளர்ந்த நம் செவிக்கு, பவாயும் நம் பாவையே என்று வேறோர் ஆசை எழலாம். அதை அங்கேயே அடக்குக. கடல் கடந்த தமிழ்ச்சொல்லான முருங்கையின் கதை வேறு. இலோகானோவில் அதற்கு ‘மருங்கய்’, மலாயில் ‘மெருங்கை’. நம் சொல்லும் மரமும் சேர்ந்தே கடல் கடந்தன என்பதில் எனக்கு ஐயமில்லை. அங்கே சொல்லோடு பொருளும் இருக்கிறது. பாவைக்குப் பவாயில் அப்படி ஒரு பொருளும் இல்லை.

இனி என் கட்சி. இலோகானோவில் ‘இலி’ என்றால் ஊர். தம் ஊர்க்காரரை ஒருவர் ‘கயிலியான்’ என்பார். இலிக்கு எதிர்ச்சொல் ‘அவாய்’: ஊருக்கு வெளியே கிடக்கும் வயல்வெளி, நாட்டுப்புறம். கொங்கு நாட்டார் ‘காட்டுக்குப் போறேன்’ என்று சொல்லும்போது எந்த நிலத்தைக் கருதுகிறாரோ அதுவே அவாய். ‘ப’ என்பது திசை காட்டும் ஒட்டு. ‘தாயா’ கிழக்கு, ‘அக்பதாயா’ கிழக்கே போதல். ‘லாவுத்’ மேற்கு, ‘அக்பலாவுத்’ மேற்கே போதல்.

இந்த லாவுத்தில் சற்று நின்று போகவேண்டும். மலாயில் ‘லாவுத்’ என்றால் கடல். மலேசியத் தமிழர் அறிந்த சொல். அதே சொல் இலோகோஸில் மேற்காயிற்று, ஏனென்றால் அங்கே கடல் மேற்கில் கிடக்கிறது. தாயா என்பதும் முதலில் உள்நாட்டுப் பக்கத்தைக் குறித்த சொல்லே. இலோகோ என்ற இனப்பெயரையே ‘இ’ என்னும் முன்னொட்டோடு ‘லோஓக்’, அதாவது வளைகுடா, சேர்ந்தது என்று பிரிப்பர்: வளைகுடாக்காரர். இகோரோத் என்பது மலைக்காரர். ஆக, நிற்கும் நிலத்தைக் கொண்டே திசைக்கும் மக்களுக்கும் பெயரிட்ட மொழி இது. அப்படிப்பட்ட மொழி ஓர் ஊருக்கு மட்டும் வீரவசனத்திலிருந்து பெயர் எடுத்ததென்றால் நம்புவது எப்படி?

பத்தாக் உள்நாட்டுப் பக்கம்; அதற்கு மேற்கே, கடல் வரை, பவாயின் வயல்கள். பத்தாக்கில் நின்று பார்த்தவனுக்கு அது ‘ப-அவாய்’, வயற்புறம். இரண்டு அகரம் ஒன்றாயின. எசுப்பானியப் பாதிரிமார் ‘வ’ ஒலிக்கு எழுத்தில்லாமல் ஒகரமிட்டு எழுதினர். ‘லவாக்’, அதாவது ஒளி, என்ற சொல் லாவோக் நகரமானதும் அந்த எழுத்துமுறையால்தான். பத்தாக்கைச் சாராமல் வாழ்ந்தார்கள் என்ற கதையிலும் பத்தாக் தானே நடுவில் நிற்கிறது?

வயலையும் பார்த்துவிடுவோம். இலோகோஸில் நெல் அறுத்த தாளடியை உழாமல், ஈரம் காயுமுன் வைக்கோலைப் பரப்பிப் பூண்டுப் பற்களை ஊன்றுவார்கள். கத்தரியும் பாகலும் மீன் ‘பகோஓங்’கும் சேர்த்துச் சுண்டவைத்த கறி ‘பினக்பெத்’. அது ‘கெப்பெத்’, சுருங்குதல், என்பதன் அடியாகப் பிறந்த ‘பினகெப்பெத்’தின் மரூஉ. ‘ஆபெல்’ நெய்தல், ‘இனாபெல்’ நெய்த துணி. பவாயின் நக்பகாலான் சிற்றூரில் இன்றும் தறி ஓடுகிறது. சட்டி, தறி, வயல் என்று எதைத் தொட்டாலும் செய்தொழிலே பெயராக நிற்கிறது.

வயற்புறம் ஊரானதற்குச் சான்றுகள் உள. 1593-இல் பதிவுகளில் தென்படும் பவாய் 1686-இல் தனிப் பங்கு ஆயிற்று. 1694-இல் தொடங்கி 1710-இல் முடித்த புனித அகுஸ்தீன் கோவில் பவளக்கல்லும் செங்கல்லுமாக எழுந்தது. நிலநடுக்கத்துக்கு அஞ்சி இருபுறமும் பின்புறமும் முட்டுக்கொடுத்த 24 பெருஞ்சுவர்கள். 1993-இல் உலக மரபுச் சின்னமாயிற்று. மணியடிக்கத் தனிக் கோபுரம் வந்தபின் அவாய் இலி ஆகிவிட்டது, பெயர் மட்டும் மாறவில்லை.

பவாய் என்பது வயற்புறத்து ஊர். ‘மகபவாய்’ என்பார் அதன் பகுதிக்கு முதலில் பொருள் காட்டட்டும். காட்டும்வரை என் முடிபு இதுவே.