பாட்டிலுக்குள் ஒரு நத்தை

1928 ஆகஸ்ட் 26, ஞாயிற்றுக்கிழமை மாலை. ஸ்காட்லாந்தின் பெய்ஸ்லி நகரில் வெல்மெடோ கஃபே என்றொரு கடை. கிளாஸ்கோவிலிருந்து வந்திருந்த மே டொனஹூ என்ற பெண்ணும் அவருடைய சிநேகிதரும் அங்கே உட்கார்ந்திருந்தார்கள். மேவுக்கு ஐஸ்கிரீமும் ஜிஞ்சர் பீரும் வந்தன. பெயரில்தான் பீர், அது போதையில்லாத இஞ்சிப் பானம். காசு கொடுத்தவர் சிநேகிதர்.

பாட்டில் கறுத்த கண்ணாடி. உள்ளே இருப்பது வெளியே தெரியாது. கடைக்காரர் மூடியைத் திறந்து ஐஸ்கிரீமின் மேல் கொஞ்சம் ஊற்றினார். மே குடித்தார். மிச்சத்தைச் சிநேகிதர் கவிழ்த்தபோது, அழுகிப்போன நத்தை ஒன்று பானத்தோடு சேர்ந்து வந்து விழுந்தது என்பது மேயின் புகார். அதிர்ச்சி, வயிற்றுக் கோளாறு, டாக்டர், பிறகு கிளாஸ்கோ ராயல் மருத்துவமனை என்று அவர் அலைய வேண்டியிருந்தது.

யாரிடம் நஷ்டஈடு கேட்பது? அன்றைய சட்டத்தில் இதற்கு நேரான விடை இல்லை.

ஒப்பந்தம் என்னும் சுவர்

பழைய தபால் வண்டி வழக்கு ஒன்றை எடுத்துக்கொள்ளுங்கள். பழுதான வண்டியிலிருந்து விழுந்து முடமான வண்டிக்காரருக்கு 1842இல் இங்கிலாந்து நீதிமன்றம் கையை விரித்துவிட்டது. வண்டியைப் பழுதுபார்க்க வேண்டியவர் ஒப்பந்தம் போட்டது தபால் துறையோடு, வண்டிக்காரரோடு அல்ல. ஒப்பந்தம் இல்லையென்றால் உரிமையும் இல்லை என்ற அந்தச் சுவர், சில விதிவிலக்குகள் தவிர, எண்பது ஆண்டுகளுக்குப் பிறகும் அப்படியே நின்றது.

மே மோதியதும் அதே சுவரில்தான். பானம் வாங்கியவர் சிநேகிதர், விற்றவர் கஃபேக்காரர், தயாரித்தவர் பெய்ஸ்லியைச் சேர்ந்த டேவிட் ஸ்டீவன்சன். இவர்களில் எவரோடும் மேவுக்கு வியாபார உறவு கிடையாது. குடித்தது மட்டும் அவர்.

வக்கீல் வால்டர் லீச்மன் இந்த வழக்கை எடுத்தார். ஜிஞ்சர் பீர் பாட்டிலில் செத்த எலி கிடந்ததாக அவர் நடத்திய வழக்குகள் 1929 மார்ச் 20 அன்று எடின்பரோவில் தோற்றிருந்தன. அந்தத் தீர்ப்பு வந்து மூன்று வாரம் முடிவதற்குள், ஏப்ரல் 9ஆம் தேதி, மேவுக்காக ஸ்டீவன்சன் மீது 500 பவுண்டு கேட்டு வழக்குத் தொடுத்தார். தோற்ற வக்கீலுக்கு இருந்த அந்தப் பிடிவாதத்தை வணங்கத் தோன்றுகிறது.

1930இல் முதல் நீதிபதி மேவுக்குச் சாதகமாகச் சொன்னார். மேல்முறையீட்டில் அது தலைகீழானது. மிச்சமிருந்தது லண்டன் பிரபுக்கள் சபை. மே கடையில் வேலை பார்த்துப் பிழைத்தவர். தோற்றால் எதிர்த்தரப்பின் செலவைக் கட்ட வழியில்லை. தம் சொத்தெல்லாம் சேர்த்தாலும் ஐந்து பவுண்டு தேறாது என்று சத்தியம் செய்து, தேவாலயத்தாரின் சான்றோடு பாப்பர் மனு, அதாவது ஏழை என்ற முறையில் வழக்காட அனுமதி கேட்கும் மனு, போட்டார். மனு ஏற்கப்பட்டது.

மூன்றுக்கு இரண்டு

1932 மே 26 அன்று தீர்ப்பு வந்தது. ஐந்து நீதிபதிகளில் மூவர் மே பக்கம். பக்மாஸ்டர், டாம்லின் இருவரும் எதிர்த்தார்கள். இந்த ஒரு படி ஏறினால் பிறகு ஐம்பது படி ஏற வேண்டிவரும், பொறுப்புக்கு எல்லையே இருக்காது என்பது பக்மாஸ்டரின் அச்சம்.

ஆட்கின் பிரபு அந்த எல்லையைத்தான் வரைந்து காட்டினார். பைபிளின் நல்ல சமாரியன் கதையில் ஒரு சட்ட வல்லுநர் ‘எனக்கு அயலான் யார்?’ என்று இயேசுவைக் கேட்கிறார். ஆட்கின் அந்தக் கேள்வியையே சட்டத்துக்குள் கொண்டுவந்தார். நம் செயலால் நேரடியாகப் பாதிக்கப்படக்கூடியவர் என்று நாம் முன்கூட்டியே நினைத்துப் பார்த்திருக்க வேண்டியவர் எவரோ, அவரே அயலான்; அவருக்குத் தீங்கு வராமல் நடப்பது நம் கடமை. மூடி போட்ட பாட்டிலை இடையில் யாரும் திறந்து பார்க்கப்போவதில்லை என்பது தயாரிப்பாளருக்குத் தெரியும். ஆகவே கடைசியில் குடிப்பவர் வரைக்கும் அவர் பொறுப்பு நீள்கிறது.

கவனக்குறைவு வழக்குகள் இன்றும் இந்தத் தடத்தில்தான் ஓடுகின்றன. கவனமாக இருக்கும் கடமை எதிராளிக்கு இருந்ததா? அதில் தவறினாரா? அந்தத் தவறால்தான் இது நேர்ந்ததா? உடலுக்கோ உடைமைக்கோ உண்மையில் சேதம் உண்டா? நான்கையும் நிரூபித்தால்தான் நஷ்டஈடு. அடிபட்டது என்பது மட்டுமே போதாது.

நத்தை உண்மையில் இருந்ததா என்பது எந்த நீதிமன்றத்திலும் விசாரிக்கப்படவில்லை. பிரபுக்கள் சபை முடிவு செய்தது, புகார் உண்மையென்றால் வழக்கு நிற்குமா என்பதை மட்டும். சாட்சி விசாரணைக்கு முன்பே ஸ்டீவன்சன் இறந்துபோக, 1934இல் வழக்கு சமரசமானது. மேவுக்கு 200 பவுண்டு கிடைத்தது என்று லீச்மனின் மகன் பின்னாளில் சொன்னார்.

நம் கையில் இருப்பது

பெய்ஸ்லியில் தொடங்கிய அந்த நியாயம் நம் இந்தியச் சட்டத்திலும் இருக்கிறது. 2019ஆம் ஆண்டின் நுகர்வோர் பாதுகாப்புச் சட்டத்தில் குறையுள்ள பொருளால் வரும் தீங்குக்குத் தயாரிப்பாளரைப் பொறுப்பாக்கத் தனி அத்தியாயமே உண்டு. காசு கொடுத்து வாங்கியவர்தான் நுகர்வோர் என்பதில்லை. அவர் சம்மதத்தோடு பயன்படுத்தியவரும் நுகர்வோரே. சிநேகிதர் வாங்கிக் கொடுத்ததைக் குடித்த மே, இன்று இங்கே இருந்தால் நேராக நுகர்வோர் ஆணையத்தின் படியேறலாம்.

ஆனால் ஆணையம் ஆதாரம் கேட்கும். குளிர்பானத்தில் பூச்சி மிதந்தால் கடைக்காரரோடு சண்டை போட்டுவிட்டு பாட்டிலைக் குப்பையில் வீசிவிடுகிறோம். வீசாதீர்கள். மிச்சத்தோடு பாட்டிலை மூடி வையுங்கள். லேபிளையும் தயாரிப்புத் தேதியையும் படம் எடுங்கள். பில்லை வாங்கி வையுங்கள். உடம்புக்கு முடியாவிட்டால் அன்றே டாக்டரைப் பார்த்துச் சீட்டு வாங்குங்கள். புகார் கொடுக்க இரண்டு ஆண்டு அவகாசம் இருக்கிறது. அது முடியும்வரை காத்திருக்காதீர்கள். ஐந்து பவுண்டுகூட இல்லாத ஒரு பெண் நான்கு ஆண்டு போராடித் திறந்த கதவு அது. தேவைப்படும்போது தட்டத் தயங்காதீர்கள்.