துணியின் நிறையும் முத்திரையும்: பாய்த்துணி முதல் பெயர் பொறித்த சட்டை வரை

ஆடையொன்றிலே கழகத்தின் பெயரையோ பாடசாலையின் இலச்சினையையோ பொறித்து அணிவது இன்று யாழ்ப்பாணக் குடாநாட்டிற் பெருவழக்காகி விட்டது. வல்வெட்டித்துறைக் கடற்கரையிலே தைப்பொங்கலன்று நடைபெறும் பட்டப் போட்டியிலாயினும், விளையாட்டுக் கழகங்களின் ஆட்டங்களிலாயினும், ஒரேவகைச் சட்டை அணிந்த இளைஞர் குழுக்களைக் காணலாம். இத்தகைய சட்டைகளைச் செய்விப்போர் நிறத்தையும் எழுத்தையும் பற்றி நெடுநேரம் ஆராய்வர்; விலையைப் பேசிக் குறைப்பர். துணியின் நிறையை வினவுவோர் மிகச் சிலரே. ஒரு சதுர மீற்றர் துணி எத்தனை கிராம் நிறையுடையது என்பதே இக்காலத்து அளவுகோல். வணிகர் இதனை 'ஜீ.எஸ்.எம்.' என்பர். அளவுகோல் புதியதாயினும் அது குறிக்கும் பிரச்சினை பழையது. துணியின் மேல் இடப்படும் முத்திரை, அத்துணியின் உண்மையான கனத்துக்கு எவ்வளவு தூரம் பொறுப்பேற்கின்றது என்பதே அப்பிரச்சினை. கடலோடிகளின் ஊரொன்றிலிருந்து இதனை நோக்குவது பொருத்தமாகும். ஏனெனில் பாய்மரக் கப்பலிலே துணியின் நிறை அழகு பற்றிய விடயமன்று, உயிர் பற்றியது.

பத்தொன்பதாம் நூற்றாண்டிலும் இருபதாம் நூற்றாண்டின் முற்பகுதியிலும் வல்வெட்டித்துறையிற் கட்டப்பட்ட கப்பல்கள் தமிழகத் துறைமுகங்களுக்கும் பர்மாவுக்கும் சென்று வந்தன. அவற்றுள் ஒன்றாகிய 'அன்னபூரணி'யை அமெரிக்கரான வில்லியம் அல்பேட் றொபின்சன் விலைக்கு வாங்கினார். ஏறத்தாழ 89 அடி நீளமுடைய அக்கப்பல் 'புளோரன்ஸ் சி. றொபின்சன்' என்னும் புதுப்பெயருடன், வல்வெட்டித்துறை மாலுமிகளோடு புறப்பட்டு, 1938ஆம் ஆண்டு ஆகஸ்டு மாதத்தில் மாசசூசெற்ஸ் மாநிலத்துக் குளொசெஸ்ரர் துறைமுகத்தை அடைந்தது. இவ்வூர் மக்கள் இன்றும் பெருமையோடு நினைவுகூரும் பயணம் அது. அத்தகைய பயணங்களில் மரத்தின் உறுதி பேசப்படும் அளவுக்குப் பாய்த்துணியின் தரம் பேசப்படுவதில்லை. இது நியாயமன்று.

காற்று மெலிந்த வேளையிற் பாரமான பாய் தன் நிறையாலேயே தொய்ந்து கிடக்கும், காற்றை ஏந்தாது. சோளகமோ வாடையோ வலுத்து வீசும்போது மெல்லிய துணி முதலில் இழுபட்டு வடிவங்கெடும். பின்னர் தையலோரத்திற் கிழியும். நனைந்த பருத்தித் துணியின் பாரமோ வேறு. ஆதலின் உயரத்துச் சிறுபாய்களுக்கு மெல்லிய துணியும், பெரும்பாய்களுக்கும் புயற்காலப் பாய்களுக்குந் தடித்த துணியும் பயன்படுத்துவது பாய்மரக் கப்பற் கலையின் பொதுவிதியாயிற்று. ஒரே கப்பலுக்குப் பலவகை நிறை வேண்டியிருந்தமையால், நிறையைச் சுருக்கமாகக் குறிக்க இலக்கங்கள் தோன்றின. பிரித்தானியர் 24 அங்குல அகலமும் 38 யார் நீளமும் உடைய சணற்கித்தான் சுருளின் நிறையைக் கொண்டு வகுத்தனர்: முதலாம் இலக்கம் 44 இறாத்தல், எட்டாம் இலக்கம் 21 இறாத்தல். அமெரிக்கப் பருத்திக் கித்தானுக்கு மற்றொரு கணக்கு உண்டு. 22 அங்குல அகலமும் ஒரு யார் நீளமும் உள்ள துண்டின் அவுன்சு நிறையைப் பத்தொன்பதிலிருந்து கழித்தால் வருவதே அதன் இலக்கம். பத்தாம் இலக்கத் துணித்துண்டு 9 அவுன்சு நிறையுடையது. இன்றைய அளவிற் சொன்னால் சதுர மீற்றருக்கு ஏறக்குறைய 500 கிராம். சாதாரண ரீசேட் துணியைவிட இது மும்மடங்கு பாரமானது. இலக்கம் ஏற நிறை இறங்குகின்ற இம்முறை புதியவரைத் தடுமாறச் செய்யும் என்பதில் ஐயமில்லை. எனினும் இலக்கத்தைக் கண்டவுடன் நிறையை அறியலாம் என்பதே இங்கு முக்கியமானது.

முத்திரையும் இதே கித்தானிலே இடம்பெற்றது. பதினேழாம் நூற்றாண்டின் இறுதியிலே ஆங்கிலச் சட்டமொன்று அரச கடற்படைக்குரிய கித்தானின் நடுவே நீலக்கோடு ஓடவேண்டுமென விதித்தது. களவு போன துணியை அடையாளங் காண்பதற்கான ஏற்பாடு அது. 1736ஆம் ஆண்டுச் சட்டம் பாய்த்துணி செய்வோர் தம் முத்திரையை அதில் இடவேண்டுமெனக் கட்டாயப்படுத்தியது. பாய் கிழிந்தால் யாரைக் கேட்பது என்பதற்கு இம்முத்திரை விடையளித்தது.

பாக்குநீரிணைக்கு அப்பாலுள்ள சோழமண்டலக் கரையில் உடுதுணி வணிகத்தின் வரலாறு சற்று வேறானது. 1658இல் யாழ்ப்பாணத்தையும் நாகபட்டினத்தையும் ஒல்லாந்தர் கைப்பற்றினர். குடாநாட்டிலும் மன்னாரிலுந் தோண்டப்பட்ட சாயவேர் அக்கரைத் துணிகளுக்குச் செந்நிறம் ஊட்டியது. எனவே அவ்வணிகத்தில் இக்கரைக்கும் பங்கிருந்தது. அங்கே நெய்யப்பட்ட துணியின் தரத்தைப் 'புஞ்சம்' என்னும் அளவாற் கணித்தனர். ஒரு புஞ்சம் 120 பாவிழை. 14 புஞ்சத் துணியெனில் அதன் அகலத்தில் 1,680 இழைகள் இருத்தல் வேண்டும். கொம்பனிகள் மாதிரித் துணியொன்றைக் கொடுத்து, நெய்து வந்தவற்றை அதனுடன் ஒப்பிட்டு, முதலாந்தரம், இரண்டாந்தரம் எனப் பிரித்தன. தேறியவற்றிற் கொம்பனி முத்திரை ஏறியது. ஒல்லாந்தக் கொம்பனியின் முத்திரையுடைய இந்தியத் துணிகள் இந்தோனேசியாவில் இன்றும் பேணப்பட்டுள்ளன. தேறாத துணி நெசவாளியிடமே திரும்பியது. வாங்கிய முற்பணம் கடனாக நின்றது.

இம்முறையில் ஓர் ஓட்டை இருந்தது. புஞ்சம் பாவை மட்டுமே எண்ணும். பஞ்சு விலை ஏறியும் ஒப்பந்த விலை ஏறாத காலங்களில், நெசவாளி பாவிழையைக் குறைக்காமல் ஊடையை ஐதாக்கி இழப்பை ஈடுசெய்ய இயலும். கொம்பனி இதனை மோசடி என்றது. வயிற்றுப்பாட்டுக்கு வேறு வழியற்றவனின் செயலை அச்சொல்லால் மட்டும் விளக்கிவிட முடியாது.

உண்மையான மோசடி பின்னர் இயந்திர நெசவோடு வந்தது. 1861 முதல் 1865 வரை நடைபெற்ற அமெரிக்க உள்நாட்டுப் போரினால் லங்காசயர் ஆலைகளுக்குப் பஞ்சு கிடைப்பது அரிதாயிற்று. பாவிழை அறாதிருக்க இடப்படும் பசையிலே வெண்களிமண்ணை மிகுதியாகக் கலந்து துணியைப் பாரமாக்கும் வழக்கம் அக்காலத்திற் பெருகியது. களிமண் தூசியைச் சுவாசித்த நெசவாளரின் துன்பம் 1872இல் அரச மருத்துவ அறிக்கைக்கு உரியதாயிற்று. இந்தியச் சந்தைக்கு வந்த அத்துணிகளின் மேல் தெய்வ உருவங்களும் மிருக உருவங்களும் அச்சிடப்பட்ட வண்ணச் சீட்டுகள் ஒட்டப்பட்டிருந்தன. எழுத்தறியாதவரும் சீட்டைப் பார்த்துத் துணியைத் தெரிந்தனர். கையில் எடுத்தபோது கனத்த துணி முதற் சலவையில் களிமண்ணை இழந்து சல்லடைபோல் ஆயிற்று. முத்திரை மாறாதிருக்க, நிறை மட்டும் நீரோடு போயிற்று. 1889ஆம் ஆண்டு இந்திய வணிகச் சின்னச் சட்டம் துணியின் நீளத்தை யார்க் கணக்கிற் பொறிக்குமாறு விதித்தது. நீளத்தைக் கேட்ட சட்டம் நிறையைக் கேட்கவில்லை என்பது நோக்கத்தக்கது. ஏமாற்று நிகழ்ந்த இடமோ நிறையிலேயே இருந்தது.

இன்றைய பெயர் பொறித்த சட்டைக்கும் இவ்வரலாறு அந்நியமானதன்று. பொதுவாக 150 முதல் 180 கிராம் வரையான பின்னற்றுணி ரீசேட்டுக்குப் பயன்படுகின்றது. கழுத்துப்பட்டி வைத்த சட்டைகளுக்கு 200 கிராமுக்கு மேற்பட்டது வழக்கு. கடற்கரை வெயிலிலே பந்து விளையாடுவோர்க்குக் கனத்த துணி வியர்வையைத் தாங்கிச் சுமையாகும். மிக மெல்லிய துணியிலோ தடித்த மை அச்சு விறைத்து நின்று துணியைச் சுருக்கும். நிறையொன்றே தரமும் ஆகாது: முரட்டு நூலால் ஐதாகப் பின்னிய துணியும், மென்னூலால் நெருக்கமாகப் பின்னிய துணியும் ஒரே நிறையைக் காட்டக்கூடும். முன்னது விரைவில் உருக்குலையும். ஆலையில் ஏற்றிய பசையும் மெருகும் நிறையோடு சேர்ந்தே அளக்கப்படுகின்றன. மஞ்செஸ்ரர்க் களிமண்ணின் எளிய வாரிசுகள் அவை.

இதனைச் சோதிப்பதற்கு ஆய்வுகூடம் வேண்டியதில்லை. மாதிரித் துணியை இருமுறை துவைத்து உலர்த்தி, பத்துச் சென்ரிமீற்றர் நீளமும் பத்துச் சென்ரிமீற்றர் அகலமுமாக ஒரு துண்டு வெட்டி, நகைக்கடைத் தராசில் நிறுத்தால் போதும். தராசு 1.8 கிராம் காட்டினால் அது 180 கிராம் துணி. துவைக்காத துண்டொன்றையும் அவ்வாறே நிறுத்து ஒப்பிட்டால், விற்றவர் சொன்ன நிறையில் நூல் எவ்வளவு, பசை எவ்வளவு என்பது ஏறக்குறையத் தெரிந்துவிடும்.